பெட்டை உட்கார்ந்துவிட்டால் கையை எடுங்கள்

ராஜபாளையம், கோவில்பட்டி பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் கிராஸிங், அதாவது நாய்ச் சேர்க்கை, பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். "நாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது, கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க" என்பது ஒன்று. "முதல் ஈத்துப் பெட்டை கடிக்கத்தான் செய்யும், நாலு பேர் இருந்தா பிடிச்சுக் குடுத்துடலாம்" என்பது இன்னொன்று. முதல் ஆள் இரண்டு நாயையும் ஒரே அறையில் அடைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். இரண்டாவது ஆள் பெட்டையின் வாயை நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒருவர் கழுத்தையும் ஒருவர் இடுப்பையும் அமுக்கிப் பிடிக்க, காரியத்தை முடித்துவிடுவார். இரண்டுமே தவறு என்பதுதான் என் எண்ணம். ஆனால் இரண்டாவதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது, ஏனென்றால் அதை எல்லோரும் உதவி என்று சொல்கிறார்கள்.

நாய்ச் சேர்க்கையில் மனிதக் கைக்கு வேலை உண்டு. வழுக்காத தரை போட, உயரத்தைச் சரிக்கட்ட, பயந்த நாயை ஆசுவாசப்படுத்த, லாக் ஆகி ஒன்றோடொன்று பிணைந்துகொண்ட பிறகு இரண்டும் இழுத்துக்கொண்டு காயப்படாமல் பார்க்க ஆள் வேண்டும். கூட இருக்கக் கட்டாயம் ஆள் வேண்டும். ஆனால் பெட்டை 'வேண்டாம்' என்று சொல்லும்போது அதை மீறுவதற்காக அந்தக் கை நீண்டால் அது வேறு காரியம். கருணையை விட்டுவிட்டுக் கணக்காகப் பார்த்தாலும் அது நஷ்டம்தான். பெட்டை மறுப்பதற்குப் பெரும்பாலும் உடம்பில் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அமுக்கிப் பிடித்து மறைத்துவிட்டால், குட்டியும் தங்காது, காரணமும் தெரியாமலே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கிராஸிங்

ரத்தம் பார்த்த நாளிலிருந்து எண்ணி 11-ஆம் நாளும் 13-ஆம் நாளும் போட வேண்டும் என்பது ஊரெல்லாம் வேதவாக்கு. சராசரிக்கு அது பொருந்தும். கசிவு தொடங்கிச் சுமார் 9 நாள் ஆணை அருகில் விடாத முன்பருவம், அடுத்த 9 நாள் ஆணை ஏற்கும் பருவம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் முன்பருவத்தை 3 நாளில் முடித்துவிடும் பெட்டையும் உண்டு, 3 வாரம் இழுக்கும் பெட்டையும் உண்டு. அதோடு, நாம் ரத்தம் பார்த்த நாள்தான் முதல் நாள் என்று யார் சொன்னது? சில பெட்டைகள் ஒரு சொட்டு தரையில் விழாமல் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஹீட் (சேர்க்கைப் பருவம்) வரும் மாதம் நெருங்கியதும் தினமும் காலையில் வெள்ளைத் துணியால் அல்லது டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தால்தான் முதல் நாள் கைக்குச் சிக்கும்.

நாயின் கருமுட்டை முதிராத நிலையில்தான் சூலகத்தை விட்டு வெளியே வருகிறது. வந்த பிறகு முதிர 2 முதல் 3 நாள் ஆகும். அதன் பிறகு இன்னும் 2, 3 நாள்தான் அது கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். இன்னொரு பக்கம், நல்ல ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உள்ளே 5 முதல் 7 நாள்வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நாள் தப்பினாலும் பல சமயம் குட்டி தங்கிவிடுகிறது, 11-ஆம் நாள் கணக்கும் பொய்க்காததுபோல் தெரிகிறது. ஆண் வயதானதாக இருந்தாலோ, அதன் விந்து பலவீனமாக இருந்தாலோ அந்த இடைவெளியை அதனால் தாண்ட முடியாது. அப்போது பழி பெட்டைமேல் விழும், 'மலடு' என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

சேர்க்கும் நாளைத் துல்லியமாகச் சொல்வது ரத்தத்தில் இருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு. கசிவு தொடங்கிய 6 அல்லது 7-ஆம் நாள் முதல் சோதனை, பிறகு 2, 3 நாளுக்கு ஒருமுறை. அளவு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் அருகில் வந்தால், முட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் உச்சத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அதிலிருந்து சுமார் 2 நாளில், அளவு 5-ஐத் தாண்டும்போது, முட்டை வெளியேறும். அந்த 5 நானோகிராம் நாளிலிருந்து 2 நாள் கழித்து ஒருமுறை, மேலும் 2 நாள் கழித்து இன்னொரு முறை சேர்த்தால் போதும். இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ரத்தம் பிடிக்கும் குழாய். அடியில் ஜெல் இருக்கும் குழாயில் பிடித்தால் அந்த ஜெல் புரோஜெஸ்டிரோனை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டலாம். அதனால் ஜெல் இல்லாத சாதாரணச் சிவப்பு மூடிக் குழாய் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு, அலகு. சில ஆய்வகங்கள் நானோமோலில் அறிக்கை தரும். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 3.18 நானோமோல். 6 நானோமோல் என்று வந்த தாளைப் பார்த்து முட்டை வெளியேறிவிட்டது என்று வண்டி ஏறினால், சுமார் 2 நாள் முன்னதாகவே போய் நிற்பீர்கள். ஒவ்வொரு சோதனையையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் செய்வது நல்லது. கருவிக்குக் கருவி எண் மாறும்.

அந்த வசதி இல்லாத ஊரில் ஸ்மியர் இருக்கிறது. ஈரப் பஞ்சுக் குச்சியால் பெட்டையின் யோனிச் சுவரைத் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வட்டமாக, கரு தெளிவாகத் தெரிந்த செல்கள் போய், ஓரம் மடிந்து கரு மங்கிய தட்டைச் செல்கள் பத்தில் எட்டு ஒன்பது ஆகிவிட்டால் சேர்க்கைக்கான பருவம் வந்துவிட்டது. முட்டை வெளியேறிய நாளை இது சொல்லாது. ஆனால் 'இன்னும் நாள் ஆகவில்லை' என்பதை உறுதியாகச் சொல்லும், பல சண்டைகளைத் தவிர்க்க அதுவே போதும்.

எதுவுமே கிடைக்காத இடத்தில் பெட்டையைத்தான் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். இறுகி வீங்கியிருந்த உறுப்பு தொட்டால் மெத்தென்று இருக்கும். வாலடியைச் சொறிந்துவிட்டால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்படி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து, அது மறுக்கும்வரை, ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கலாம். பழகிய ஆண் நாயும் நல்ல சோதனைக் கருவிதான். மோந்து பார்த்துவிட்டு ஆர்வமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டால், நாள் சரியில்லை என்று அது சொல்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நாள் தப்புகிறது? பெட்டையை வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஸ்டட், அதாவது சேர்க்கைக்கு விடும் ஆண் நாய், வைத்திருப்பவர் வேறு ஊரில் இருக்கிறார். வாடகை வண்டிக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, கிராஸிங் பணமும் கைமாறிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகு பெட்டை உட்கார்ந்துகொண்டால், சரி, திரும்பிப் போவோம் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. நாலு பேர் பிடிக்கும் பழக்கம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் பணம் பேசும்போதே, மறுத்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி வருவோம், அதற்குத் தனிப் பணம் இல்லை என்று பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் பெட்டையை 4, 5 நாள் ஸ்டட் இருக்கும் இடத்திலேயே, தனிக் கூண்டில் விட்டுவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சேர்ப்பதற்கு முன்

2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகள் பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், 8 வயதுக்கு மேல் கூடாது, அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி போடவைக்கக் கூடாது, வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. முதல் ஹீட்டிலேயே போட்டுவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. எலும்பே முற்றாத 8 மாதப் பெட்டை கடிப்பதில் என்ன ஆச்சரியம்?

ஹீட் தொடங்கியதும் டாக்டரிடம் கொண்டுபோய் உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யோனிக்குள் சவ்வு குறுக்கே நின்றாலோ, வளையம்போல் சுருக்கம் இருந்தாலோ ஆண் உறுப்பு நுழையும்போது உயிர்போகும் வலி இருக்கும். சில பெட்டைகளுக்கு ஹீட் சமயத்தில் யோனிச் சுவர் வீங்கி இளஞ்சிவப்புத் திரளாக வெளியே பிதுங்கும். அதோடு சேர்க்கக் கூடாது.

நம் ஊரில் மறக்கவே கூடாத ஒன்று, சேர்க்கை மூலம் பரவும் டிவிடி (TVT) என்ற கட்டி. தெரு நாய்களிடம் சர்வசாதாரணம். காலிஃப்ளவர்போல் வெடித்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். பெட்டையின் கசிவு ஹீட் முடிந்த பிறகும் நிற்கவில்லை என்றாலும், ஆணின் உறுப்பு நுனியில் ரத்தச் சொட்டு நின்றாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆணின் உறுப்பை உறையிலிருந்து முழுக்கப் பின்தள்ளி, அடிவரை பார்த்தால்தான் தெரியும், கட்டி பெரும்பாலும் அடியில்தான் ஒளிந்திருக்கும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும், ஆனால் அதுவரை அந்த நாய் ஸ்டட் இல்லை. அடுத்தது புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா தொற்று. இரண்டு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வெளிப்பார்வைக்கு நாய் நன்றாகவே இருக்கும். சினை 45 நாளைத் தாண்டிய பிறகு கலையும், ஆணின் விரை வீங்கும் அல்லது சுருங்கும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், கலைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

ஆண் நாய்க்குக் கடந்த இரண்டு மாதத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். நாயில் ஒரு விந்தணு உருவாக 62 நாள் ஆகிறது. கடுங்காய்ச்சல் அந்த உற்பத்தியைக் கெடுத்துவிட்டால், நாய் தேறி ஓடியாடினாலும் விந்து சரியாக இரண்டு மாதம் போக வேண்டும்.

கை வைக்கும் இடம்

பெட்டையை ஆண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முறை. தன் இடத்தில் ஆண் தைரியமாக இருக்கும். விடியற்காலை நல்லது, நம் வெயிலில் பத்து மணிக்கு மேல் இரண்டும் மூச்சு வாங்கி இளைத்துப்போகும். இரண்டுக்கும் சாப்பாடு பிறகுதான், தண்ணீர் மட்டும் அருகில் இருக்கட்டும். டைல்ஸ் தரை வேண்டாம். மண் தரை உத்தமம், இல்லையென்றால் ரப்பர் பாய் அல்லது தேங்காய் நார் மிதியடி. பின்னங்கால் வழுக்கினால் ஆண் இரண்டு முறை முயன்றுவிட்டுச் சோர்ந்து படுத்துவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வீட்டு ஆளைத் தவிர யாரையும் அருகில் சேர்க்காதவை, புது முகம் ஆறு பேர் சுற்றி நின்றால் பெட்டையின் வால் இடுக்கை விட்டு வெளியே வராது.

முதலில் கயிற்றோடு பத்து நிமிடம் இரண்டையும் மோந்துகொள்ள விடுங்கள். பெட்டை துள்ளி விளையாடி, முன்னங்காலை நீட்டிப் பணிந்து, திரும்பி நின்று வாலை ஒதுக்கினால் வேலை பாதி முடிந்தது. உங்களுக்கு இரண்டு ஆள் போதும். ஒருவர் பெட்டைக்குப் பழகியவர், தலைப்பக்கம் தாழ்வாக உட்கார்ந்து, காதுக்குக் கீழே கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் பெட்டையின் பக்கவாட்டில் முழங்காலிட்டு, தன் தொடையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஆணின் எடை விழும்போது பெட்டை மடங்காமல் இருக்க அந்தத் தொடை உதவும். ஆண் குட்டையாக இருந்தால் அதன் பின்னங்காலுக்குக் கீழே பாயை மடித்துப் போடுங்கள். பெட்டை குட்டையாக இருந்தால் பெட்டைக்கு. ஆண் நாய் இலக்குத் தவறி மேலேயோ கீழேயோ இடித்துக்கொண்டிருந்தால், பின்னங்கால்களுக்கு இடையே கை கொடுத்துப் பெட்டையின் உறுப்பை லேசாக மேல்நோக்கித் தூக்கிக் கொடுக்கலாம். ஆணின் உறுப்பைத் தொடாதீர்கள், பல நாய்கள் அத்தோடு இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய், வாஸலின், சோப்பு எதுவும் தடவ வேண்டாம். சரியான நாளில் பெட்டைக்கு ஈரம் போதுமான அளவு இருக்கும், கண்ட களிம்பையும் தடவினால் விந்தணு சாகும்.

வாய்ப்பூட்டு போடலாமா? கூடை மாதிரி இருக்கும், வாயைத் திறந்து இளைக்க இடம் கொடுக்கும் பூட்டாக இருந்தால், முதல்முறைப் பெட்டைக்குப் போடலாம். லாக் இறுகும் அந்த நொடியில் விருப்பமுள்ள பெட்டையும் கத்திக்கொண்டு திரும்பிக் கடிக்கும், கடிபடுவது ஆணின் முகமோ உங்கள் கையோ. நாடா போட்டு வாயை இறுக்கக் கட்டுவது மட்டும் கூடாது. நாய் தன் உடற்சூட்டை முக்கியமாக இளைத்துத்தான் தணிக்கிறது, சித்திரை வெயிலில் வாயைக் கட்டி அரைமணி பிடித்து வைத்தால் வெப்பத் தாக்கில் விழும்.

மறுப்பு

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் பெட்டை உட்கார்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது, காது பின்னால் படிந்துவிட்டது, கண்ணின் வெள்ளை தெரிகிறது, ஆண் ஏறினால் சுழன்று பல்லைக் காட்டுகிறது. ஒருவர் இடுப்பைத் தூக்கிப் பிடித்தால் நடந்துவிடும், இரண்டே நிமிடம். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில்தான் கையை எடுக்க வேண்டும்.

பயத்தில் பதறும் பெட்டையும் மறுக்கும் பெட்டையும் ஒன்றல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பதற்றமாக இருந்தால் ஆணை வெளியே கொண்டுபோய்விட்டு, அரைமணி கழித்து, ஆட்களைக் குறைத்து, வேறு மூலையில் மறுபடி விட்டால் வாலை ஒதுக்கிவிடும். தலைப்பக்கம் பழகிய ஆள் இருந்தால் நின்றும் கொடுக்கும். அப்படி நிற்கும் பெட்டையைப் பிடித்துக்கொள்வது உதவி. இரண்டு முறை விட்டும் உட்கார்ந்தால் அது பதில். கூட்டிக்கொண்டு போய் ஸ்மியர் எடுங்கள், புரோஜெஸ்டிரோன் பாருங்கள். நாள் ஆகவில்லை என்று வரும், அல்லது நாள் கடந்துவிட்டது என்று வரும், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நாளும் சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் உள்ளே விரல் பரிசோதனை மறுபடியும். அங்கே சவ்வோ சுருக்கமோ இருந்தால், பிடித்துக் கொடுத்திருந்தால் கிழிந்திருக்கும். எதுவும் இல்லை என்றால் ஆணை மாற்றிப் பார்க்கலாம், சில பெட்டைகளுக்குச் சில ஆண்கள் ஆகாது. செயற்கைக் கருவூட்டலைப் பற்றி டாக்டர் சொன்னால் கேளுங்கள், ஆனால் மறுப்பின் காரணத்தைத் தேடாமல் நேராக அதற்குத் தாவுவது, அமுக்கிப் பிடிப்பதைவிட மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஹீட்டிலும் இப்படியே என்றால் அந்தப் பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கும் பாசத்துக்கும் அதில் எந்தக் குறையும் வராது. 'நல்ல ரத்தம், விட மனசில்லை' என்பவர்கள், சேர விரும்பாத குணமும் அந்த ரத்தத்தில்தான் குட்டிக்குப் போகக்கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

லாக்

ஆணுறுப்பின் அடியில் இருக்கும் குமிழ் உள்ளே போன பிறகு வீங்கும், பெட்டையின் யோனித் தசை அதைச் சுற்றி இறுகும். இதுதான் லாக். 5 முதல் 30 நிமிடம் சாதாரணம், ஒரு மணிவரை போனாலும் பயப்பட வேண்டாம். விந்தணு நிறைந்த பகுதி லாக்கின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் புராஸ்டேட் சுரப்பியின் தெளிந்த நீர், விந்தணுவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அதனால் லாக் சீக்கிரம் விட்டுவிட்டாலும் குட்டி தங்க வாய்ப்பு உண்டு.

ஆண் இறங்கித் திரும்ப முயலும்போது உதவி தேவைப்படும். அதன் ஒரு பின்னங்காலை மெதுவாகப் பெட்டையின் முதுகைத் தாண்டித் தூக்கி மறுபக்கம் வைத்தால் இரண்டும் பின்புறம் ஒட்டியபடி நிற்கும். பக்கத்தில் பக்கம் நிற்க விரும்பினால் அப்படியே விடுங்கள், திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. முழு லாக்கும் முடியும்வரை ஆள் கூடவே இருக்க வேண்டும். பெட்டை படுக்கப் பார்க்கும், உருளும், சிறிய ஆணை இழுத்துக்கொண்டு ஓடும். ஆணுறுப்புக்குள் எலும்பு இருக்கிறது, வீங்கிய குமிழ் முழுக்க ரத்தம், இழுபட்டால் நிரந்தரக் காயம். அறைக்குள் அடைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரிடம் எனக்கு இருக்கும் சண்டை இதுதான். சில சமயம் குமிழ் வெளியிலேயே வீங்கிவிடும். அப்போது இரண்டையும் பின்னாலிருந்து நெருக்கமாக அணைத்து, ஆண் நழுவாமல் சில நிமிடம் பிடித்துக்கொண்டால் போதும்.

தெருவில் லாக் ஆன நாய்களைக் கண்டால் கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் குச்சியால் அடிப்பதும் நம் ஊர்களில் சிறுவர் முதல் பெரியவர்வரை செய்கிறார்கள். அந்த நாய்களால் பிரிய முடியாது. ஓடினால் கிழியும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

விட்ட பிறகு ஆணைக் கவனியுங்கள். உறுப்பு முழுக்க உறைக்குள் போய்விட்டதா, நுனியில் முடி சுற்றி மடங்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அரைமணி ஆகியும் உள்ளே போகவில்லை என்றால் சர்க்கரை கரைத்த குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஈரமாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பெட்டையைக் கூண்டில் ஓய்வாக விடுங்கள், காலைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்கும் வேலை வேண்டாம். ஹீட் முழுக்க முடியும்வரை மொட்டை மாடியிலும் தனியாக விடாதீர்கள். இரண்டாவது நாள் சுவரேறி வந்த தெரு நாயின் குட்டியும் உங்கள் ஸ்டட்டின் குட்டியும் ஒரே வயிற்றில் வளர முடியும், பிறக்கும்.

அதே கை, குட்டி போடும் அன்று

முட்டை வெளியேறிய நாள் தெரிந்திருந்தால் குட்டி போடும் நாளும் தெரியும், அதிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்பின். சேர்த்த நாள் மட்டுமே தெரிந்தால் அது 57 முதல் 72 வரை எங்கும் விழலாம். நாள் தாண்டிவிட்டதா, சிசேரியன் தேவையா என்று ராத்திரி ஒரு மணிக்குத் தவிக்கும்போது அந்தப் புரோஜெஸ்டிரோன் தாளின் அருமை தெரியும். 55-ஆம் நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் குட்டி வந்துவிட்டதா என்ற சந்தேகமே இருக்காது. சினைக்காலத்தில் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பால் கொடுக்கத் தொடங்கியதும் அளவு சரிந்து ஜன்னி வந்து விழும்.

58-ஆம் நாள் முதல் காலை, மாலை ஆசனவாய்ச் சூடு பாருங்கள். சாதாரணமாக 101, 102 ஃபாரன்ஹீட் இருப்பது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். நடுக்கம், இளைப்பு, துணியைப் பிறாண்டுவது என்று முதல் கட்டம் 6 முதல் 12 மணி நேரம், சிலவற்றுக்கு 24 மணி நேரம்வரை போகும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது சும்மா உட்கார்ந்திருப்பது. முக்க ஆரம்பித்த பிறகுதான் கடிகாரம். பலமாக முக்கியும் அரைமணியில் குட்டி வரவில்லை என்றால் டாக்டர். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே 2 மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால் ஒரு நிமிடமும் காக்காதீர்கள், நஞ்சு பிரியத் தொடங்கிவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை.

பெட்டையை அமுக்கிப் பிடித்த அதே அவசரம் இங்கே வலி ஊசியாக வருகிறது. மருந்துக்கடையில் ஆக்ஸிடோசின் வாங்கி வீட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். குட்டி குறுக்கே கிடந்தாலோ கருப்பை வாய் திறக்கவில்லை என்றாலோ, அந்த ஊசி அடைபட்ட கருப்பையை நசுக்கும். நஞ்சு பிரியும், குட்டிகள் சாகும், கருப்பையே கிழியலாம். கருப்பை சோர்ந்ததற்குக் கால்சியமோ சர்க்கரையோ குறைந்தது காரணம் என்றால் ஆக்ஸிடோசின் மட்டும் போட்டு என்ன பயன்? எதை, எந்த வரிசையில், எவ்வளவு என்பதைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

குட்டி வந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் தாய் பனிக்குடத்தைக் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் கிழியுங்கள். மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, பருத்தித் துண்டால் முதுகை வேகமாகத் தேயுங்கள். குட்டியைக் கையில் பிடித்து வீசிச் சுழற்றாதீர்கள், மூளைக்குள் ரத்தம் கசியும். கொடியை வயிற்றிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு நூலால் கட்டி, வெட்டி, அயோடின் தொடுங்கள். முதல் வாரம் குட்டிக்கு நடுங்கிச் சூடாகத் தெரியாது. படுக்கை 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மார்கழி ராத்திரிக்குப் பல்பு வேண்டும், மே மாதம் அதே பல்பு குட்டியை உலர்த்திக் கொன்றுவிடும், ஆகவே பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, குடல் வேலை செய்யாது. முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி, பிறகு பால். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் இரண்டு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம், அதற்குப் பிறகு தினமும் 5 முதல் 10 சதவீதம் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறாத குட்டியைத் தனியாக எடுத்துப் பின் முலையில் வைத்துப் பிடியுங்கள், அங்கேதான் பால் அதிகம்.

ஸ்டட் பணத்துக்குப் பதில் குட்டி என்று பேசியிருந்தால், ஸ்டட் வைத்திருப்பவர் 30-ஆம் நாளே வந்து நிற்பார். அதே 2017 விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அந்த வயதுக்குள் தாயைப் பிரிந்த குட்டி எப்படிக் கடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கூடப்பிறந்தவற்றிடம் கற்காமலே போய்விடும். எந்தக் குட்டி, எந்தத் தேதி என்பதைக் கிராஸிங் அன்றே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதே தாளில் பெட்டைக்கு அடுத்த ஹீட் ஓய்வு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.